டயருக்கு மடிப்பு விட்டவர்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி யார் கேட்டாலும் நல்ல மனுஷர் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு ஓர் 'ஆனால்' போடுவேன். அந்த 'ஆனால்' கொஞ்சம் நீளமானது. உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அத்தானுக்குத் திரைச்சீலைத் தொழில். வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து வருவார். அக்கா துணி வெட்டுவாள். நான் தைப்பேன். தைத்ததைக் கொண்டுபோய்க் கம்பி அடித்து மாட்டிவிட்டு வருவதும் அவர்தான். அவர் கழுத்தில் எந்நேரமும் ஓர் அளவு டேப் தொங்கும். சாப்பிட உட்கார்ந்தால் அதைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள்வாரே தவிர கழற்ற மாட்டார். கடைத்தெருவில் அவருடைய பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'டேப்பு' என்றால் தெரியும். ஒருமுறை உடம்பு சரியில்லாத உறவுக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். "இப்ப எப்படி இருக்கு?" என்று கட்டிலில் கிடந்தவரிடம் கேட்டார். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைமாட்டு ஜன்னலைப் பார்த்து, "அஞ்சுக்கு நாலரை" என்று முணுமுணுத்தார். அந்த மனிதர் தனக்கு ஏதோ நாள் குறிக்கிறார்கள் என்று பயந்துபோனார்.

அளவு ஒரு பைத்தியம் என்றால், பிக்கப் வண்டி இரண்டாவது பைத்தியம். அது வருவதற்கு முன்னால் கம்பிகளைக் கட்டாகக் கட்டி பஸ்ஸில்தான் கொண்டுபோவார். அக்காவும் கூடப் போவாள். அவர் ஏணியில் நின்று அளவு சொல்ல, அவள் கீழே நின்று எழுதிக்கொள்வாள். கண்டக்டர்கள் இவர்களைத் தூரத்தில் பார்த்தாலே அவசரமாக விசில் ஊதுவார்கள். ஒருநாள் கம்பியின் முனை யாரோ ஒரு பெரிய மனிதரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட, பஸ் முழுக்கச் சேர்ந்து அத்தானைத் திட்டித் தீர்த்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பாடே வேண்டாம் என்றுவிட்டார். அதன்பிறகு எங்கெங்கோ அலைந்து அந்தப் பிக்கப்பை வாங்கினார். பழைய டீசல் வண்டிதான், ஆனால் நல்ல உயரம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் தெருவில் போகிற எல்லாருடைய உச்சந்தலையும் தெரியும். ஐந்தடிச் சொச்சம் உள்ள ஒரு மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஐந்தடிகூட இல்லாத எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு மட்டும் அந்த வண்டியைக் கண்டாலே ஆகவில்லை. வண்டி வந்த பிறகு அத்தான் தனியாகவே வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய்வர ஆரம்பித்தார். அக்கா கடையோடு இருந்துவிட்டாள். எங்கள் கடை ஒரே ஒரு நீள அறை. நடுவில் வெட்டும் மேசை, ஜன்னலோரம் என் மிஷின். வண்டியை வாசலில் நிறுத்தினால் ஜன்னல் வெளிச்சம் பாதி போய்விடும். அதிலிருந்து ஆரம்பிப்பாள் அக்கா. வெளிச்சத்தை மறைக்குது என்பாள், திறந்த வண்டியில துணியெல்லாம் தூசி என்பாள், கடைசியில் டீசலில் வந்து நிற்பாள்.

"இது வண்டியா, வேற ஏதாவதா? நாம குடிக்கிற தண்ணியவிட இது குடிக்கிற டீசல் ஜாஸ்தி. குடுத்துட்டுச் சின்னதா ஒரு வேன் வாங்குங்க."

அத்தான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆனால் ஊர் எல்லையில் செடிக்கடை வைத்திருப்பவர் தொட்டிகள் ஏற்ற ஒரு பிக்கப் தேடிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் கடைக்கே வந்து, விற்பதாக இருந்தால் தனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா கத்திரியும் கையுமாக நிமிர்ந்தாள்.

"இப்ப லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?"

"ஒன்பதேகால்."

"பத்தைத் தாண்டினா வண்டி இருக்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன். தாண்டலன்னா செடிக்கடைக்காரருக்குக் குடுத்துடணும். சரியா?"

கையில் கத்திரி இருக்கும்போது அக்கா சொன்னதை யாரும் மறுத்துப் பேசியதில்லை. அத்தானும் சரி என்றார்.

மறுநாளிலிருந்து மனிதர் ஜன்னலை மறந்தார், மைலேஜைப் பிடித்துக்கொண்டார். டயரில் காற்றைச் சரிபார்த்தார். ஃபில்டரை மாற்றினார். பின்னால் கிடந்த தேவையில்லாத கம்பிகளை இறக்கி என் மிஷினுக்குப் பக்கத்தில் அடுக்கினார், நான் தடுக்கி விழுவதற்காக. அப்போதுதான் யாரோ அவர் காதில் ட்யூனர் என்று ஒன்று இருப்பதாக ஓதிவிட்டார்கள். கையகலப் பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்குமாம், அதில் செருகினால் எஞ்சினின் கம்ப்யூட்டருக்குள் போய், எவ்வளவு டீசல், எப்போது விட வேண்டும் என்கிற கணக்கையே மாற்றி எழுதிவிடுமாம்.

அத்தான் ஊரெல்லாம் விசாரித்தார். மெக்கானிக் சிரித்தார். "வண்டியைச் செஞ்சவன் பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்களை உக்கார வச்சு எழுதினது அது. அதுல அவன் விட்டுவச்ச மைலேஜை இந்த டப்பா கண்டுபிடிச்சுக் குடுத்துடுமாக்கும்?" என்றார். லாரி ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரரோ, தன் முதலாளி வண்டிக்கு அதைப் போட்டபிறகு மேட்டில் இழுவை பிரமாதம் என்றார், டீசல் பற்றிக் கேட்டபோது, அது முதலாளி பாடு என்றார். பார்ட்ஸ் கடைக்காரர் இருப்பதைச் சொல்கிற ஆள். கூட்டமில்லாத கடை அவருடையது. "சில வண்டிக்குக் கொஞ்சம் கூடும். சில வண்டிக்கு ஒன்னுமே தெரியாது. பாதி விஷயம் ஓட்டுறவர் கால்ல இருக்கு," என்றார். அத்தான் இதில் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை வாங்கி வந்துவிட்டார்.

அதற்குப் பெயர் புரோகிராமர் என்று அட்டையில் போட்டிருந்தது. "இவருக்கும் இனி நாமதான் சோறு போடணுமா?" என்றாள் அக்கா.

பெட்டியை மாட்டும்போது கூடமாட ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிட்டார். சின்னத் திரையில் ஒவ்வொன்றாகக் கேள்வி வந்தது. வேகம் வேண்டுமா, சுமை இழுக்க வேண்டுமா, சிக்கனம் வேண்டுமா? சிக்கனம் என்று அழுத்தினார். கடைசியாக, டயர் மாற்றியிருந்தால் அதன் உயரத்தைச் சொல், மாற்றவில்லை என்றால் அப்படியே விட்டுவிடு என்றது. அவர் டயரை மாற்றவே இல்லை.

"அப்படியே விட்டுடுங்க அத்தான்," என்றேன்.

"அளவு கேக்குறான். தெரியாதுன்னு சொல்றதா?" என்று டேப்பை உருவினார். டயரின் மேல் ஒரு ஸ்கேலைப் படுக்க வைத்து என்னைப் பிடிக்கச் சொல்லி, தரையிலிருந்து அதுவரை அளந்தார். உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். வண்டிக்குள் ஏறி எண்ணை அழுத்தினார். பெட்டி அதைச் சமர்த்தாக ஏற்றுக்கொண்டது.

அடுத்து டேங்கை வழிய வழிய நிரப்பி, மீட்டரைப் பார்த்துக்கொண்டு, ஒரு வாரம் ஓட்டி, மறுபடியும் வழிய நிரப்பினார். ஓடிய தூரத்தை ஊற்றிய டீசலால் வகுத்தால் மைலேஜ். அன்று அவர் கடைக்குள் நுழைந்த நடையே வேறு.

"பத்து புள்ளி நாலு!"

அக்கா கால்குலேட்டரை வாங்கித் தானே ஒருமுறை போட்டாள். நம்பாமல் இன்னொரு முறை போட்டாள். பத்து புள்ளி நாலுதான்.

"சரி, வண்டி இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். அத்தானுக்கு வாயெல்லாம் பல். செடிக்கடைக்காரருக்கு அப்போதே போன் போட்டு, வண்டி விற்பதற்கில்லை என்று தெரிவித்தார். அன்று மாலை அக்கா ஒரு துணியைக் குறுக்கே மாற்றி வெட்டிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. தலைவலி என்றாள்.

அதற்குப் பிறகு அத்தானைக் கையில் பிடிக்க முடியவில்லை. டாக்ஸிக்காரர் வந்தார், பால் வேன்காரர் வந்தார், யார் யாரோ வந்தார்கள். எல்லாரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். "எஞ்சின் நல்லதுதான். அதுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாம இருந்துச்சு," என்பார். அவர் பேச்சைக் கேட்டு இரண்டு மூன்று பேர் அதே பெட்டியை வாங்கிப் போட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கூடவில்லை. சண்டைக்கு வந்த டாக்ஸிக்காரரிடம், "பெட்டியைக் குத்தம் சொல்லாதீங்க, உங்க கால் சரியில்ல," என்றார். அவர் தன் செருப்பைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

இடையில் சில விநோதங்கள் நடக்கத்தான் செய்தன. சாலையில் எல்லாரும் அத்தானை முந்திக்கொண்டு போனார்கள். "அறுபதுல போறேன், சைக்கிள்காரனைத் தவிர எல்லாரும் முந்துறான். ஜனங்களுக்கு உசிரு மேல ஆசையே இல்லாம போச்சு," என்று வருத்தப்பட்டார். அத்தானும் நானும் எங்கள் அம்மா வீட்டுக்குப் போய்வந்தபோது மீட்டரில் தூரம் கூடுதலாகக் காட்டியது. நான் அதைச் சொன்னேன். "உங்க அம்மா வீடு எனக்கு எப்பவுமே தூரமாத்தான் தெரியும், இப்பத்தான் மீட்டருக்கும் தெரிஞ்சிருக்கு," என்றார். பேசத் தெரியாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

இப்படியிருக்க, நெடுஞ்சாலையில் புதிதாகக் கட்டிய ஒரு தங்கும் விடுதியின் வேலை வந்தது. அத்தனை அறைகளுக்கும் திரை. பெரிய கூடத்துக்கு மட்டும் அங்கேயே வைத்து அளந்து அங்கேயே வெட்டவேண்டும் என்பதால் அக்காவும் நானும் கிளம்பினோம். அத்தான் முன்னதாகவே ஏறி உட்கார்ந்து பெட்டியின் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் முட்டி கொஞ்ச காலமாகவே மடங்குவதில்லை. என் தையல் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, பின்னாலிருந்து நான் தள்ள, கதவுக் கைப்பிடியைப் பிடித்து ஒருவழியாக ஏறினாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஸ்டூலையும் தூக்கிப் பின்னால் போட்டேன்.

"ஏறியாச்சா?" என்றார் அத்தான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நெடுஞ்சாலையில் கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள். அக்கா ஜன்னலோரம். அவளுக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. ஒரு கல்லைப் பார்ப்பாள், மீட்டரை எட்டிப் பார்ப்பாள், அடுத்த கல்லைப் பார்ப்பாள்.

"என்னங்க, கல்லுக்கும் மீட்டருக்கும் ஒத்து வரலையே."

"எப்படி?"

"ஒவ்வொரு கல்லுக்கும் மீட்டர் ஒரு கிலோமீட்டரும் கூட ஒரு நூறு மீட்டரும் காட்டுது."

அத்தான் கொஞ்சமும் அசரவில்லை. "ரோடு போட்ட காண்ட்ராக்டர் வேலை. ஒவ்வொரு கிலோமீட்டர்லயும் நூறு நூறு மீட்டரா முழுங்கியிருக்கான்."

"எல்லாக் கல்லுலயுமா?"

"ஒரே இடத்துல முழுங்கினா மாட்டிக்குவான்ல? அதான் பிரிச்சுப் பிரிச்சு."

இந்தப் பதிலில் எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அக்கா அடுத்த கல்லுக்குத் திரும்பிவிட்டாள். விடுதி வரும்வரை கற்களைப் பார்ப்பதை விடவில்லை.

விடுதிக் கூடம் பெரிது, ஜன்னல்கள் ஆளுயரத்துக்கு மேல். அத்தான் ஏணியில் ஏறினார். அக்கா கீழே தாளும் பேனாவுமாக நின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு இருவரும் அப்படி நிற்பதைப் பார்க்கிறேன். அவர் அளவைப் பாதி சொல்லும்போதே அவள் எழுதி முடித்திருந்தாள்.

"நீளம் எட்டடி. கீழ் மடிப்புக்கு நாலு விர..."

நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

"நாலு விரல். தெரியும், எழுதிட்டேன். அடுத்தது சொல்லுங்க," என்றாள் அக்கா.

அவரோ ஏணியிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரை அளந்துகொண்டிருந்தார். எழுபது சென்டிமீட்டர். எழுந்து உள்ளே ஏறி, பெட்டியில் தான் கொடுத்த எண்ணைத் தேடிப் பார்த்தார். எழுபத்தேழு.

"என்ன அத்தான்?"

"நாலு விரல் சேத்துட்டேன்."

"எதுக்கு?"

"மடிப்புக்கு."

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. எந்த அளவு எடுத்தாலும் கீழே மடித்துத் தைக்க நாலு விரல் சேர்த்துச் சொல்வது அவர் பழக்கம். கை தானாகச் சேர்த்துவிடும். டயருக்கும் சேர்த்துவிட்டது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் வண்டிக்குத் தெரியும். டயரின் அளவை வைத்து அதைத் தூரமாக மாற்றிக் காட்டுவது மீட்டர். டயர் பெரிது என்று இவர் சொல்லி வைத்ததால், அது பாவம், போகாத தூரத்தையெல்லாம் போனதாக எழுதிக்கொண்டிருந்தது. வேகமும் அப்படித்தான். அறுபது என்று காட்டியபோது வண்டி ஐம்பத்தைந்தைக்கூடத் தொட்டிருக்காது.

நான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தும் சிரித்தேன். "தோய்ச்சா சுருங்கிடும்னு பயந்துட்டீங்களா அத்தான்? பாத்து, ஓரம் அடிக்கணும்னா மிஷினை எடுத்துட்டு வரேன்."

அவர் சிரிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து புள்ளி நாலைப் பதினொன்றில் பத்தாகக் குறைத்தால் என்ன வரும் என்று கணக்குப் போடுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. ஒன்பதரைகூட முழுசாக வரவில்லை. முன்பு ஒன்பதேகால் கொடுத்த வண்டி ஒரு நூலளவு கூடியிருந்தது, அவ்வளவுதான். அந்த நூலும் பெட்டியின் உபயமா, காற்றுச் சரிபார்த்ததாலா, அறுபது என்று நம்பி அவர் மெதுவாக ஓட்டியதாலா என்று எந்தப் பெரிய படிப்புக்காரராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது எனக்கு. "அத்தான், இதை ஏன் போய் வெளியில சொல்லிக்கிட்டு? அக்காதான் வண்டி இருக்கட்டும்னு சொல்லியாச்சே. பேசாம இருங்க," என்றேன்.

"அளவு தப்புன்னு தெரிஞ்சுபோச்சே," என்றார். "இனிமே அதை எப்படி ஓட்டுறது?"

பெட்டியில் எண்ணைத் திருத்தினார். உள்ளே போய் அக்காவிடம், கூடத்தின் நடுவில் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். விடுதி மேனேஜர்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் போலவே அக்காவும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்திரியைத் துணியிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பத்தைத் தாண்டல. சொன்னா சொன்னபடி. செடிக்கடைக்காரருக்கு நானே போன் பண்றேன்," என்றார் அத்தான். அக்கா வெட்ட ஆரம்பித்தாள். திரும்பி வரும்போதும் அக்கா கற்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். கல்லும் மீட்டரும் அச்சாக ஒத்துப்போயின, அதைச் சொல்லிக் கேலி செய்ய எனக்கே மனசு வரவில்லை.

செடிக்கடைக்காரர் வருவதாகச் சொன்ன நாளில் அத்தான் விடியும்போதே எழுந்து வண்டியைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவினார். வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார்.

"லிட்டருக்கு எவ்வளவுங்க?"

"ஒன்பதரை. அதுவும் இழுக்காம ஓட்டினாத்தான்," என்றார் அத்தான். விற்க நிற்கிற எவரும் இப்படி ஒரு பதிலைச் சொல்லமாட்டார்.

"அப்புறம் ஏன் குடுக்கிறீங்க?"

"மைலேஜ் பத்தலைன்னு வீட்ல சொல்றாங்க."

செடிக்கடைக்காரர் கடைவாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார். "என்னம்மா இது? இந்த வண்டியில ஒன்பதரைக்கு மேல எவனுக்குக் கிடைக்கும்? எனக்கு வண்டி வேணும்தான், இல்லேங்கல. ஆனா இதுக்காகவா ஒருத்தர் இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு விக்கணும்?"

அக்கா வாசற்படியில் அப்படியே நின்றாள். பிறகு கொட்டிவிட்டாள்.

"மைலேஜும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எனக்கு அதுல ஏற முடியலைங்க."

அத்தான் திரும்பினார்.

"பஸ்ஸுல கம்பியத் தூக்கிட்டுத் திட்டு வாங்கிட்டுப் போனாலும் ரெண்டு பேருமாத்தானே போனோம்? யாரு வீட்டுல என்ன ஜன்னல்னு எனக்கும் தெரியும். இந்த வண்டி வந்தப்புறம் நான் இந்த மேசையவிட்டு எங்க நகர்ந்தேன்? நீங்க தாள்ல எழுதிட்டு வந்து குடுக்கிறீங்க, நான் வெட்டுறேன். முட்டி மடங்க மாட்டேங்குது, ஏறணும்னா பின்னால ஒரு ஆள் தள்ளணும். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. டீசல் குடிக்குதுன்னு சொன்னேன். கணக்குன்னு சொன்னாலாவது கேப்பீங்கன்னு."

அவள் அழவில்லை. ஆனால் குரல் என்னவோ ஆகிவிட்டது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறேன், டீசலைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நானும்தான் நம்பியிருந்தேன்.

அத்தான் டேப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பத்து புள்ளி நாலுன்னு நான் வந்து சொன்னேனே... அப்பக்கூடச் சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது?" என்றாள் அக்கா. "அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

செடிக்கடைக்காரர் ரொம்ப நல்ல மனிதர். கழுத்தைச் சொறிந்துகொண்டு, கீழே கால் வைக்க ஒரு படி அடித்தால் போயிற்று, அதற்காக வண்டியையே விற்பார்களா என்றார். அத்தான் கீழே குனிந்து வண்டியின் தரையையும் தெருவையும் ஒரு பார்வை பார்த்தார். அவர் கண்ணுக்கு டேப் தேவையில்லை.

"படி வச்சாலும் முட்டிய மடக்கித்தானே ஏறணும்," என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துச் செடிக்கடைக்காரர் கையில் வைத்தார். அந்தப் பெட்டியும் சேர்த்தா என்று அவர் கேட்டார். சேர்த்துத்தான் என்றார் அத்தான். டயர் உயரம் கேட்டால் பதில் சொல்லவேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பினேன்.

வேன் வாங்கினார்கள். தரையோடு தரையாக இருக்கிற சின்ன வேன். நாற்காலியில் உட்காருவது போல அக்கா அதில் உட்கார்ந்துவிடலாம். அத்தானுக்கு இப்போது யாருடைய உச்சந்தலையும் தெரிவதில்லை, லாரிகளின் சக்கரம்தான் தெரிகிறது. கம்பியை வேனுக்கு மேலே கட்டுவதற்குள் அவர் படும் பாட்டைப் பார்க்கத் தெருவே கூடும். புலம்புவார். ஆனால் அக்கா கடையிலிருந்து பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் புலம்பல் நின்றுவிடும். இருவரும் அளவெடுக்கப் போய்விட, வெட்டுகிற வேலையிலும் பாதி என் தலையில் விழுந்திருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

வேன் வந்த மறுநாள் எங்களுக்கு மாட்டுகிற வேலையும் இல்லை, அளக்கிற வேலையும் இல்லை. அக்கா புதுச் சீட்டில் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். கதவைச் சாத்திப் பார்த்தாள். அத்தான் அந்தப் பக்கம் ஏறி எஞ்சினைப் போட்டார்.

"எங்க போறோம்?" என்று அக்கா கேட்டது என் காதில் விழுந்தது.

"எங்கயாவது," என்றார்.

இரண்டு பேரும் போனார்கள். நான் ஒரு பெரிய திரையை ஓரம் அடித்து முடித்து, டீ குடித்து, இன்னொன்றைத் தொடங்கி அதையும் முடிக்கப் போகும்போதுதான் திரும்பினார்கள். அக்காவின் தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்திருந்தது. ஒரு வேலையும் இல்லாமல் இவ்வளவு எண்ணெயைக் கரியாக்கிவிட்டு வருகிறவர்களைச் சும்மா விடுவதா என்று அத்தானை மடக்கினேன்.

"எவ்வளவு தூரம் போனீங்க?"

"தெரியல. மீட்டரைப் பாக்கல," என்றார்.